ஒரே படம், இரண்டு பாட்டு

வெள்ளானூர் டீக்கடையில் எங்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு: ‘மூடுபனி’யில் எந்தப் பாட்டு பெரிசு? இளையராஜாவின் 100ஆவது படம், 1980 நவம்பரில் வந்தது. டாக்டர் கல்யாண் பாடிய ‘ஸ்விங் ஸ்விங்’தான் அசல் மேற்கத்தியத் துள்ளல், அதை யாருமே கண்டுக்கலையே என்பது நண்பனின் ஆதங்கம். நான் ‘என் இனிய பொன் நிலாவே’ கட்சி. யேசுதாஸ் குரலையும் அந்த கிடாரையும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் ஒன்றை இருவருமே மறந்துவிடுகிறோம். பிரதாப் போத்தன் கிடாரோடு பாட, கேட்டுக்கொண்டிருக்கும் ஷோபா அந்த வருஷம் மே 1 அன்றே இறந்துவிட்டார். வயது 17. படம் வந்தபோது ஜனங்கள் திரையில் பார்த்தது, இனி இல்லாத ஒரு பெண்ணை. அந்தத் துக்கமும் மெட்டோடு ஒட்டிக்கொண்டது.

“உன் பாட்டு தோக்கலடா, அதுக்காக அழத்தான் ஆளில்ல” என்றேன். காதை மட்டும் நம்பினால், அவன் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.