மடை திறந்த சொல்லிசை

காலந்தோறும் இளைஞர்க்கென ஒரு பாட்டுப் பிறக்கிறது. காலந்தோறும் மூத்தோர் அதனைக் கேட்டு முகஞ்சுளிக்கின்றனர். சிந்தும் கும்மியும் ஒரு காலத்தில் பாமரர் பாட்டெனவே கருதப்பட்டன. பாரதியார் போன்றோர் அவற்றைக் கையாண்ட பின்னர்தாம் அவ்வடிவங்களின் ஆற்றல் கற்றோர் பலர்க்கும் புலனாயிற்று. இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது, மலேசிய இளைஞர்கள் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மடை திறந்து' என்னும் பாடல். யோகி பி.யும் நட்சத்திரா குழுவினரும் 'வல்லவன்' என்னும் இசைத்தொகுப்பில் அளித்த பாடல் அது. அதன் பின்னணியையும் அது பெற்ற வரவேற்பையும் நோக்கின், அப்பாட்டு தமிழைக் கெடுக்க வந்ததா, தமிழுக்குத் திரும்பி வந்ததா என்னும் வினாவுக்கு விடை கிடைக்கும்.

தோட்டமும் நகரமும்

கிள்ளான் நகருக்கும் துறைமுகத்துக்கும் இடையே அமைந்தது பண்டமாரான். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் எழுந்த புதுக்கிராமங்களுள் அதுவும் ஒன்று. அதனைச் சூழ்ந்த கிள்ளான் வட்டாரம் ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் நிறைந்த நிலமாக விளங்கியது. நாடு விடுதலை பெற்ற பின்னர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. சில செம்பனைக்கு மாறின. பல இடங்களில் தொழிற்பேட்டைகளும் வீடமைப்புப் பகுதிகளும் தோன்றின. லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும், பின்னர் அடுக்குமாடி வீடுகளுக்கும் பெயர்ந்தன.

தோட்டத்தோடு மறைந்தவை பால்மரங்கள் மட்டுமல்ல. நடவு நிலத்திலிருந்து பால்மரக் காட்டுக்குத் தமிழர் கொணர்ந்த தாலாட்டும் ஒப்பாரியும், திருவிழாக் கூத்தும் கும்மியும் மெல்ல மெல்லத் தேய்ந்தன. கோயில்களில் உருமி மேளமும், வானொலியில் திரைப்பாடலும் எஞ்சின. நகர்ப்புறத்தில் வளர்ந்த பிள்ளைக்கு வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலாய், கடைத்தெருவில் சீனம், தொலைக்காட்சியில் ஆங்கிலம். அவன் எந்த மொழியில் தன் நெஞ்சைத் திறப்பது? இவ்வினாவே பின்னர்ப் பிறந்த பாட்டுக்கு வித்தாயிற்று.

சொல்லிசை வந்த வழி

தாளத்துக்கேற்பச் சொற்களை விரைந்து அடுக்கும் சொல்லிசையை உலகம் 'ராப்' என்று அழைக்கிறது. அதனைத் தன்னகத்தே கொண்ட 'ஹிப் ஹாப்' கலை, 1973ஆம் ஆண்டில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் தொடங்கியதாகக் கொள்வர். ஜமைக்காவில் பிறந்து அங்குக் குடியேறிய கூல் ஹெர்க் என்பார், இசைத்தட்டுகளில் தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை மீட்டும் மீட்டும் ஒலிக்கச் செய்து ஆடுவோரை மகிழ்வித்தார். அத்தாளத்தின் மீது சொற்கள் ஏறின. ஏழைக் குடியிருப்புகளில் வாழ்ந்த கறுப்பின இளைஞர்க்கு விலையுயர்ந்த இசைக்கருவிகள் எட்டாதிருந்த நிலையில், நாவே கருவியாயிற்று.

அவ்வலை 1990களில் மலேசியாவையும் தொட்டது. யோகி பி. இடம்பெற்ற 'பொயட்டிக் அம்மோ' குழு அக்காலத்தில் புகழ்பெற்றது. ஆங்கிலத்தை முதன்மையாகக் கொண்ட அக்குழுவினர் மலாய், தமிழ், காண்டனீசு ஆகிய மொழிகளிலும் பாடினர். ஆங்கிலத்திலேயே தொடர்ந்து பாடியிருப்பினும் அவர்க்கு அவையோர் இருந்திருப்பர். ஆயினும் யோகி பி., எம்சி ஜெஸ், டாக்டர் பர்ன் ஆகியோருடன் இணைந்து, தமிழ்ச் சொல்லிசையையே முதன்மையாகக் கொண்ட 'வல்லவன்' தொகுப்பை உருவாக்கினார். தமிழ்த் திரையில் 1994ஆம் ஆண்டின் 'காதலன்' படம் சொல்லிசையைச் சுவைபடக் காட்டியிருந்தது. எனினும் அங்கு அது கதைக்கு இடையே வந்த வேடிக்கை. 'வல்லவன்' தொகுப்பிலோ அதுவே நடுநாயகம்.

ஒரு மெட்டு, இரு கனவுகள்

'மடை திறந்து' முற்றிலும் புதிய மெட்டன்று. 1980ஆம் ஆண்டில் பாரதிராசா இயக்கிய 'நிழல்கள்' படத்துக்கென இளையராசா இசையமைத்து, வாலி எழுதி, எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாடலே அதன் வேர். வேலையின்றித் தவிக்கும் படித்த இளைஞர்களைப் பற்றியது அப்படம். இசையமைப்பாளனாக உயரத் துடிக்கும் ஓர் இளைஞனின் கனவாக அப்பாடல் அதில் அமைந்துள்ளது. அக்கனவு படத்தில் நிறைவேறவில்லை. படமும் அந்நாளில் வணிக வெற்றி பெறவில்லை. பாட்டு மட்டும் நிலைத்தது.

கால் நூற்றாண்டுக்குப் பின்னர், கடல் கடந்த தமிழ் இளைஞர்கள் அம்மெட்டையே தேர்ந்தனர் என்பது கருதத்தக்கது. தந்தையர் கேட்டு மகிழ்ந்த பாட்டின் நடுவே மைந்தர் தம் சொற்களை வைத்துத் தொடுத்தனர். பழைய மெட்டு தலைமுறைகளை இணைக்கும் பாலமாயிற்று. அணை கட்டித் தேக்கிய நீர் மடை திறந்ததும் பாய்வது போல, சொல்ல இடமின்றித் தேங்கிய பேச்சு அதில் பாய்ந்தது. தலைப்பே பாட்டின் நிலையைக் கூறிற்று.

திசை மாறிய கப்பல்

இப்பாடலின் வரவேற்பைச் சிறப்பாக்கியது அது சென்ற திசையே. ரஜூலா முதலிய கப்பல்கள் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆள்களை ஏற்றி வந்து பினாங்கிலும், அந்நாளில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் எனப்பட்ட கிள்ளான் துறைமுகத்திலும் இறக்கின. ஆள்களோடு பாட்டும் வந்தது. இசைத்தட்டும் திரைப்படச் சுருளும் ஒலிநாடாவும் தமிழகத்திலிருந்தே வந்தன. மலேசியத் தமிழர் பெரும்பாலும் கேட்போராகவே இருந்தனர். 'மடை திறந்து' அவ்வழக்கத்தைத் திருப்பிற்று. அது தமிழகத் தொலைக்காட்சிகளில் ஒளிபரப்பாகி, அங்குள்ள இளைஞரிடையே பரவியது. 2007ஆம் ஆண்டில் வெளிவந்த 'பொல்லாதவன்', 2011ஆம் ஆண்டின் 'ஆடுகளம்', 2017ஆம் ஆண்டின் 'விவேகம்' ஆகிய படங்களின் பாடல்களில் யோகி பி.யின் குரல் ஒலித்தது. பின்னர்த் தமிழகத்திலேயே 'ஹிப்ஹாப் தமிழா' போன்ற குழுக்கள் புகழ்பெற்றன.

விளிம்பிலிருந்து எழுந்த பாட்டு உலகை ஈர்த்ததற்கு மேலைநாட்டிலும் சான்றுண்டு. அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில், மரத்தொழில் நலிந்த அபர்டீன் என்னும் சிற்றூரிலிருந்து வந்தவர் கர்ட் கோபேன். அவருடைய நிர்வாணா குழு 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' என்னும் பாடல், 'கிரஞ்ச்' எனப்படும் முரட்டு இசையை வீடுதோறும் கொண்டுசென்றது. அப்பாடல் இடம்பெற்ற தொகுப்பு 1992 சனவரியில் மைக்கேல் சாக்சனின் தொகுப்பை முந்தி அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. ஆயினும் அப்புகழே கோபேனுக்குச் சுமையாயிற்று; 1994 ஏப்ரலில், தம் 27ஆம் வயதில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அங்கு மரத்தொழில் தேய்ந்த ஊர். இங்கு மரங்கள் சாய்ந்த தோட்டம். அப்பாட்டில் ஓங்கியது சலிப்பு. இப்பாட்டில் ஓங்கியது முயற்சி. வேறுபாடு பெரிது, எனினும் கேட்பாரற்ற இளைஞர் தம் குரலைத் தாமே உண்டாக்கிக்கொண்டனர் என்பது இரண்டுக்கும் பொது.

குறையும் நிறையும்

இவ்விசைமீது கூறப்படும் குறைகள் பொருளற்றவை அல்ல. ஆங்கிலச் சொற்கள் கலக்கின்றன. விரைவில் ஒலிப்பு சிதைகிறது. லகர, ளகர, ழகர வேறுபாடு மங்குகிறது. மெட்டும் கடன் வாங்கியதே. மலேசிய மண்ணில் பிறந்த மெட்டொன்று இத்தகைய புகழை அடைந்திருப்பின் பெருமை இன்னும் மிகும். இவற்றை மறைப்பது திறனாய்வாகாது.

ஆயினும் மற்றொன்றையும் எண்ண வேண்டும். ஆங்கிலச் சொல்லிசை பெரும்பாலும் அடியின் இறுதியில் ஒலி ஒன்றும் இயைபையே நம்பி நிற்பது. தமிழோ மோனையும் எதுகையும் இயைபும் ஆகிய மூன்றையும் ஒருங்கே தரும் மொழி. அருணகிரிநாதரின் சந்தங்களைப் பாடிப் பழகிய நாவுக்குச் சொல்லிசையின் வேகம் புதிதன்று. எனவே சொல்லிசை தமிழுக்கு வந்த விருந்தாளி எனினும், வந்த வீட்டில் தனக்கேற்ற இருக்கையைக் கண்டுகொண்டது எனலாம்.

பண்டமாரானைப் போன்ற ஊர்களில் வளரும் மாணவன், கடைசி வரிசையில் அமர்ந்து மேசையில் விரலால் தாளமிடும்போது, அவன் தமிழுக்குப் பகைவனல்லன். பிறமொழியில் பாடவும் புகழ்பெறவும் வழியிருந்தும் தமிழுக்குத் திரும்பியோரின் பாட்டு அவன் செவியில் ஒலித்துக்கொண்டிருக்கலாம். அத்தாளத்தை நிறுத்துவதற்கு ஓர் அதட்டல் போதும். அதே தாளத்தில் ஓர் எதுகையை வைத்து, அடுத்த அடியை அவனையே சொல்லச் செய்வதற்கோ நல்லாசிரியர் ஒருவர் வேண்டும். மடையைத் திறந்தோர் இளைஞர். பாய்ந்த நீரை வயலுக்குத் திருப்புவது ஆசிரியர் கடன்.