ஒரே அலை, இரு பயணிகள்: உவாஞ்சாக்கோ கடற்கரையின் வரலாறு



கடலில் பிழைப்புத் தேடுவோரும் கடலில் விளையாட வருவோரும் ஒரே நீர்ப்பரப்பில் இருக்கும்போது மோதல் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி? நம் நாட்டில் பகாங் மாநிலத்துச் செராத்திங் கடற்கரையில் இச்சிக்கலைப் பருவக்காற்றே ஓரளவு தீர்த்து வைக்கிறது. நவம்பர் முதல் மார்ச்சு வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும்; அலை உயரும்; அலைச்சறுக்குப் பலகையோடு இளைஞர்கள் வந்து சேர்வர். சிறு மீன்பிடிப் படகுகள் கடலுக்குச் செல்வதோ அக்காலத்தில் குறைந்துவிடும். காலமே இருவரையும் பிரித்து வைக்கிறது.

எல்லாக் கடற்கரைக்கும் இவ்வசதி வாய்ப்பதில்லை. தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் வடபகுதியில், துருஹியோ நகரை அடுத்து உவாஞ்சாக்கோ என்னும் மீனவர் ஊர் உள்ளது. அங்கே மீனவரும் அலைச்சறுக்கு வீரரும் ஒரே அலையின் மீதேறித்தான் கரைக்கு வருகின்றனர். மீனவர் ஏறிவருவது பலகையன்று, கோரைக்கட்டு. அதனைப் பற்றியே இப்பதிவில் எழுத விரும்புகிறேன்.

அந்த ஊர்க் கோரைக்குத் தொத்தோரா என்று பெயர். பாய் முடைய நாம் பயன்படுத்தும் கோரையின் குடும்பத்தைச் சேர்ந்ததே அதுவும். கடற்கரை மணலில் குளம்போல் தோண்டி, நிலத்தடி நீரில் அதனை வளர்க்கின்றனர். முற்றியதும் அறுத்து, வெயிலில் உலர்த்தி, நான்கு கட்டுகளாகக் கட்டுகின்றனர். பெரிய கட்டுகள் இரண்டும் 'தாய்'. சிறியவை இரண்டும் 'பிள்ளை'. என்னை மிகவும் கவர்ந்த செய்தி இதுவே. தாயையும் பிள்ளையையும் இறுக்கிப் பிணைத்தால், மூக்கு மேல்நோக்கி வளைந்த, நான்கைந்து மீட்டர் நீளமுள்ள மிதவை ஒன்று கிடைக்கும். பின்பகுதியில் வலையும் மீனும் வைக்க ஒரு குழி உண்டு. துடுப்பு என்பது இரண்டாகப் பிளந்த மூங்கில். மீனவர் அதன்மேல் மண்டியிட்டோ, குதிரை ஏறுவதுபோல் இருபுறமும் காலைப் போட்டோ செல்வார். அதனால்தான் இசுபானியர் அதற்குக் 'கோரைக் குட்டிக் குதிரை' என்னும் பொருளில் பெயரிட்டனர்.

இசுபானியர் வருமுன்னரே இக்குதிரை அங்கே இருந்தது. ஏறத்தாழ கி.பி. 100 முதல் 800 வரை அப்பகுதியில் வாழ்ந்த மோச்சே மக்களின் மட்கலங்களில், கோரை மிதவையில் அமர்ந்து மீன்பிடிக்கும் உருவங்கள் உள்ளன. அவர்களுக்குப் பின் வந்த சிமு மக்களின் கலங்களிலும் அவ்வாறே. சிமுக்களின் தலைநகரான சான் சான் உவாஞ்சாக்கோவிற்கு அண்மையிலேயே உள்ளது. 1986-இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

1590-இல் வெளிவந்த தம் நூலில், ஹோசே தெ அக்கோஸ்தா என்னும் இசுபானியப் பாதிரியார், இலிமா நகரின் துறைமுகமான கய்யாவோவில் தாம் கண்ட காட்சியை வருணிக்கிறார். மீனவர்கள் கூட்டங்கூட்டமாக, ஆளுக்கொரு கோரைக்கட்டின் மீதேறி, அலையைக் கிழித்துச் சென்றதைக் கண்டு அவர் பெரிதும் மகிழ்ந்திருக்கிறார். கரை சேர்ந்ததும் படகைத் தோளில் சுமந்து வந்து, கட்டவிழ்த்து, கோரையை மணலில் பரப்பி உலர்த்தினார்களாம். உவாஞ்சாக்கோவில் இன்று கட்டவிழ்ப்பதில்லை. முழுக் குதிரையையும் மூக்கு வானைப் பார்க்க நிமிர்த்தி வைத்து நீர் வடிய விடுகின்றனர். சுற்றுலாப் பயணிகள் எடுக்கும் நிழற்படங்களில் வரிசையாக நிற்பவை இவையே.

இனி விளையாட்டின் பக்கம் வருவோம். கார்லோஸ் டோக்னி என்பார் 1930-களின் இறுதியில் ஹவாயிலிருந்து ஓர் அலைச்சறுக்குப் பலகையைப் பெருவிற்குக் கொண்டு வந்தார். 1942-இல் இலிமா நகரின் மிராபுளோரெஸ் கடற்கரையில் அதற்கென ஒரு மன்றமும் அமைந்தது. வசதி படைத்தோரின் பொழுதுபோக்காகவே அவ்விளையாட்டு அங்கு வளர்ந்தது. 1965-இல் பெருவில் நடந்த உலகப் போட்டியில் வெற்றி பெற்றவர் அந்நாட்டவரான பெலிப்பே போமர். பிற்காலத்தில் இவரே, கோரைக் குதிரை ஏறிய பண்டைய மீனவர்தாம் உலகின் முதல் அலைச்சறுக்கு வீரர்கள் என்று வாதிடத் தொடங்கினார்.

'நாங்களே முதல்வர்' என்னும் இவ்வழக்கு எனக்கு அவ்வளவாகச் சுவைப்பதில்லை. (நம்மவரிடமும் இந்நோய் உண்டென்பதை நீங்கள் அறிவீர்கள்.) பலகைமேல் எழுந்து நின்று, மகிழ்ச்சிக்காகவே அலையேறும் கலையைப் போற்றி வளர்த்தவர்கள் பசிபிக் தீவு மக்கள். உவாஞ்சாக்கோ மீனவர் அலையேறியது வீடு திரும்புவதற்காக. இரண்டும் பெருமைக்குரியவை, ஒன்றை உயர்த்த மற்றொன்றைத் தாழ்த்த வேண்டியதில்லை. ஆயினும் போமரின் வாதத்தால் ஒரு நன்மை விளைந்தது. பலகையோடு வந்த நகரத்து இளைஞர்கள், இந்த அலையில் தமக்கு முன்னோர் இருந்தனர் என்பதை உணரத் தலைப்பட்டனர்.

உணர வேண்டிய தேவையும் இருந்தது. அலை உடையும் இடத்தில் இருவரும் சந்திக்கும்போது என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள். வெளியே செல்லும் மீனவர் உடையும் அலையை நேருக்கு நேர் பிளந்துகொண்டு போக வேண்டும். எதிரே பலகையில் ஒருவர் சறுக்கி வருவார். திரும்பி வரும்போதோ மீனவரின் குதிரை நீர் ஊறிக் கனத்திருக்கும்; வலையும் மீனும் ஏறியிருக்கும். ஒரு மூங்கில் துடுப்பைக் கொண்டு அதனைச் சட்டென்று திருப்ப இயலாது. அலை கொண்டுவந்து விடும் வழியில்தான் வந்தாக வேண்டும். பலகைக்காரரோ உடலைச் சற்றே சாய்த்தால் போதும், திசை மாறிவிடுவார்.

அலைச்சறுக்கு வீரர்களிடையே எழுதாச் சட்டம் ஒன்று உண்டு. அலை முதலில் உடையும் முனைக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை உரியது. மற்றவர் விலக வேண்டும். நல்ல கட்டொழுங்குதான். ஆனால் அது பலகைக்காரர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட முறை; வலையோடு வருபவரை அது கணக்கில் கொள்ளவில்லை. 1972-ஆம் ஆண்டின் அனைத்துலகக் கடல் மோதல் தடுப்பு விதிகள் இவ்வகையில் தெளிவானவை. வலை முதலிய கருவிகளால் எளிதில் திரும்ப இயலாத நிலையில் மீன்பிடித்துக்கொண்டிருக்கும் கலத்திற்கு, விசைக்கலமும் பாய்க்கலமும் வழிவிட வேண்டும் என்கின்றன. விலகக் கூடியவர், விலக முடியாதவருக்கு வழிவிடுவது என்பதே அதன் அடிப்படை. பெரிய கலங்களுக்கான இந்த நியாயம் உவாஞ்சாக்கோ அலைக்கும் பொருந்தும் என்பது என் கருத்து.

கருவிகளின் கதையையும் சொல்ல வேண்டும். பலகையைக் காலோடு பிணைக்கும் கயிறு 1970-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் சாந்தா குரூசில் உருவாயிற்று. அதற்கு முன், தவறி விழுந்தவரின் பலகை தனியே பாய்ந்து கரையில் நிற்பவரையும் தாக்கும். கயிறு அந்த இடரைக் குறைத்தது. வேறோர் இடரைக் கொண்டு வந்தது. மீனவர் விரித்த வலைக்கு மேலே செல்பவரின் கால்கயிறும், பலகையின் அடியிலுள்ள செதிலும் வலையில் சிக்கக் கூடும். வலை கிழிந்தால் மீனவருக்கு இழப்பு. சிக்கியவர் நீருக்குள் இழுபட்டால் உயிருக்கே ஆபத்து. மிதவைக் குறி கண்ணில் பட்டதும் சுற்றிப் போவதே அறிவுடைமை என்று அலைச்சறுக்குப் பழகும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் சொல்லி வைக்கலாம்.

இவ்விரு சாராரின் உறவு உரசல் மட்டுமே என்று எண்ணிவிடாதீர்கள். 1908-ஆம் ஆண்டு திசம்பரில், கலிபோர்னியாவின் வெனிசு கடற்கரையில் புயலில் சிக்கிய சப்பானிய மீனவர் எழுவரைக் காப்பாற்றியவர் ஜார்ஜ் பிரீத். ஹவாயில் பிறந்து, அம்மாநிலத்தில் அலைச்சறுக்கைப் பரப்பியவர் அவர். 1925 சூன் 14-ஆம் நாள், நியூபோர்ட்டு துறைமுக வாயிலில் 'தெல்மா' என்னும் மீன்பிடிப் படகு பேரலையில் கவிழ்ந்தது. ஹவாயைச் சேர்ந்த ஒலிம்பிக் நீச்சல் வீரர் டியூக் கஹானமோக்கு தம் பலகையோடு மீண்டும் மீண்டும் சென்று எட்டுப் பேரை மீட்டார். உடனிருந்த தோழர்கள் மேலும் நால்வரை மீட்டனர். பலர் மாண்டுபோயினர். படகு செல்ல இயலாத அலையில் பலகை செல்லும் என்பதை அன்று உலகம் கண்டது. பின்னர் அலைச்சறுக்குப் பலகை உயிர்காப்பாளரின் கருவியாகவும் ஆனது.

சென்னைக் கடலோரமும் இதனை அறியும். துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே உடையும் அலைகளைக் கடந்து கடிதங்களைக் கொண்டு சென்றவர்கள் நம் கட்டுமரக்காரர்கள். ஆங்கிலத்தில் 'கட்டமரான்' என்னும் சொல் அவர்கள் தந்ததே.

மீண்டும் பெருவிற்கு வருவோம். 2000-ஆம் ஆண்டில் அந்நாடு, விளையாட்டுக்கு ஏற்ற அலைகளைப் பாதுகாக்கும் சட்டமொன்றை இயற்றியது. அதன் எண் 27280. அலைக்கென ஒரு நாடு சட்டம் இயற்றியது பாராட்டுக்குரியது. செயல்முறை விதிகள் வர 13 ஆண்டுகள் பிடித்தன. 2016-இல் சிக்காமா என்னும் நீண்ட அலை முதன்முதலாகப் பதிவு பெற்றது. எனக்கு உறுத்துவது ஒன்றே. சட்டத்தின் தலைப்பில் விளையாட்டு இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அலையேறிய மீனவர் இல்லை. கோரைக் குதிரை 2003-இல் தனியே நாட்டின் பண்பாட்டு மரபாக அறிவிக்கப்பட்டது. அலை ஒரு கோப்பில், குதிரை மற்றொரு கோப்பில்! 2013-இல் உவாஞ்சாக்கோ 'உலக அலைச்சறுக்குக் காப்பிடம்' ஆனபோதுதான் இரண்டும் ஒரே மேடையில் பேசப்பட்டன.

இதற்கிடையில் இருவருக்கும் பொதுவான கேடு தெற்கிலிருந்து வந்தது. துருஹியோவிற்குத் தெற்கே உள்ள சலவெரி துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர், கடலோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்துவிட்டது. சுவருக்குத் தெற்கே மணல் குவிந்தது. வடக்கே உவாஞ்சாக்கோ வரை கரை அரிக்கப்பட்டது. சென்னையிலும் இதுவே நிகழ்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின், தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கடல் நிலத்தைத் தின்றது. ஆசிரியர்கள் ஒரு தட்டில் மணலும் நீரும் இட்டு, குறுக்கே ஓர் அட்டையை நட்டு, சாய்வாகச் சிற்றலை எழுப்பினால் மாணவர்கள் இதனைக் கண்ணாரக் காண்பர்.

மணல் குறைந்ததால் கோரைக்குளங்களுக்கும் கேடு வந்தது. கடல் நெருங்கி வரவரக் கரையோரக் குளங்கள் சில அழிந்தன. கோரைக் குதிரை சில வாரங்களே உழைக்கும். பிறகு நீர் ஊறிக் கனத்துப் பயனற்றுவிடும். எனவே ஒரு மீனவர் தொடர்ந்து கடலுக்குச் செல்ல, ஆண்டு முழுவதும் புதுக்கோரை அறுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.