கடைப்பிடி யாருக்கு?

பழைய அகப்பொருள் உரைகள் ஆணுக்கு நான்கு குணங்களை வகுத்தன: அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி. பெண்ணுக்கு நாணம், மடம், அச்சம், பயிர்ப்பு. கடைப்பிடி என்றால் மறவாமை. மனத்தில் கொண்டதை நழுவவிடாதிருத்தல். பௌத்தத்தின் எண்வகை வழியில் ஏழாவதான ‘சம்மா சதி’யைத் தமிழில் நற்கடைப்பிடி என்கிறோம். இலக்கணம் பெண்ணுக்கு எழுதிவைக்காத குணத்தை மணிமேகலை கேட்காமலே எடுத்துக்கொண்டாள்.

அந்தச் சதி 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ வளாகத்துக்குள் காவி களைந்து நுழைந்தது. தீராத வலியோடு வந்தவர்களுக்கு ஜான் கபட்-சின் அதை எட்டு வாரப் பயிற்சியாக்கினார். டீஸ்டேல், வில்லியம்ஸ், சீகல் என்ற மூன்று உளவியலாளர்கள் அதை மனச்சோர்வுக்குக் கொண்டுவந்தனர். தேறியவர்கள் ஏன் மறுபடி விழுகிறார்கள் என்பதே அவர்கள் கேள்வி. ஒவ்வொரு முறை விழும்போதும் சாதாரண வருத்தத்துக்கும் ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணத்துக்கும் முடிச்சு இறுகுகிறது. பிறகு ஒரு சுடுசொல் போதும், பழைய சங்கிலி முழுவதும் இழுபட்டு வந்துவிடும். பயிற்சி அந்த இடத்தில் குறுக்கிடுகிறது: எண்ணத்தோடு சண்டை போடாதே, பின்னாலும் போகாதே, ‘இது ஓர் எண்ணம்’ என்று பார். 2000இல் வெளியான முதல் ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு கண்டவர்களிடம் மறுவீழ்ச்சி 66 விழுக்காட்டிலிருந்து 37ஆகக் குறைந்தது. இரண்டே முறை கண்டவர்களுக்குப் பலன் தெரியவில்லை. 2015இல் 424 பேரிடம் நடந்த ஆய்வில் இது மருந்தை வென்றுவிடவில்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றன. ஆகவே யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம்.

மனச்சோர்வு ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு. ஒன்றையே திரும்பத் திரும்ப அசைபோடும் பழக்கம் பெண்களிடம் கூடுதல் என்று சூசன் நோலன்-ஹோக்ஸிமா எழுதினார். இயல்பு என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வராது. பழக்கப்படுத்தப்பட்டது. ராயபுரத்துச் சந்தில் பிள்ளைக்குப் பால் போதவில்லை என்றாலும், புருஷன் குடித்தாலும், மாமனார் படகில் மீன் படவில்லை என்றாலும் அவள் ராசிதான் பேசப்படும். ‘எல்லாம் என்னாலதான்’ என்பது அவள் சொந்த வாக்கியமே அல்ல. அதை வெறும் எண்ணமாகப் பார்க்கத் தெரிந்தால், யார் கொண்டுவந்து வைத்தது என்பதும் தெரியத் தொடங்கும்.

ஆனால் எல்லாமே எண்ணமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு நாளைய சோறு பற்றிய கவலை பார்த்துக் கடந்துவிடக்கூடிய எண்ணம் அல்ல. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர்களிடம் போய் மூச்சைக் கவனி என்று எந்த வாயால் சொல்வது?

அயோத்திதாசர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியபோது, அவர் பேசிய துக்கத்துக்குச் சாதி என்ற பெயர் இருந்தது. மருத்துவமனைக்குள் நுழைந்த பௌத்தம் அந்தப் பாதியை வாசலிலேயே விட்டுவிட்டது.

துறைமுகப் பட்டினமான புகாரில் மணிமேகலை முதலில் பசித்தவர்களுக்குச் சோறிட்டாள். பிறகு சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றக் கேட்டாள். அறவணர் அவளுக்குத் தத்துவத்தை விரித்துச் சொன்னது கடைசியில், காஞ்சியில். எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம், வீட்டில் தினமும் முக்கால் மணி. திருவொற்றியூரில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும் பெண்ணுக்கு அந்த முக்கால் மணியை யார் ஒதுக்கித் தருவார்கள் என்று எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை.