கௌதாரி இறகும் ஒரு முழம் பட்டு நூலும்

நியூ ஜேர்சியின் ராறிற்றன் ஆற்றுத் தென்கிளை கலிஃபோன் என்ற சிற்றூருக்குக் கீழே ஒரு மலையிடுக்கினுள் நுழைகிறது. வீடுபோன்ற பாறைகள், அவற்றின் இடையே இரைந்தோடும் குளிர்ந்த நீர். நாம் முதன்முதலில் அங்கு போனது மீன் பிடிக்க அல்ல. ஏப்ரல் மாதத்து ஞாயிறொன்றில், குளிர்காலம் முழுவதும் அடைந்துகிடந்த பிள்ளைகளை வெளியே கொண்டுபோகவேண்டும் என்ற எண்ணந்தான். தொடையளவு நீரில் நின்ற முதியவர் ஒருவர் கரையேறி வந்து, எமது சின்னவன் உற்றுப்பார்ப்பதைக் கண்டு, தமது தூண்டில் முள்ளை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். செம்மஞ்சள் பட்டு நூல் சுற்றிய ஒரு முள். அதன் தலையடியில் கௌதாரியின் புள்ளி இறகு ஒன்று, ஒரே சுற்று. வேறெதுவும் இல்லை.

இறாலும் புழுவும் கோத்துத் தூண்டில் போட்டு வளர்ந்த கடற்கரை மனிதர் நாம். "இதுக்கோ மீன் வாய் திறக்கும்?" என்று எம்மில் ஒருவர் தமிழிலேயே கேட்டுவிட்டார். கிழவருக்கு மொழி புரியவில்லை, தொனி புரிந்தது. முள்ளை நீரில் நனைத்து மீண்டும் காட்டினார். இறகின் இழைகள் உடலோடு ஒட்டிப் படிந்தன. ஓடும் நீரில் பிடித்தபோது அவை விரிந்து மூச்சுவிட்டன. உயிருள்ள ஏதோ ஒன்று துடிப்பதுபோல் இருந்தது.

இந்தச் செயற்கை ஈயின் சூட்சுமம் அந்த மென்மையில்தான் உண்டு. ஆற்றுப் பூச்சிகள் பல நீரின் அடியில் வளர்கின்றன. பருவம் வந்ததும் நீந்தி மேலெழுந்து, தோலுரித்து, சிறகு விரித்துப் பறக்கின்றன. அந்த எழுச்சியின் இடைநடுவில், பூச்சி புழுவுமல்லாமல் ஈயுமல்லாமல் இருக்கும் சில கணங்களில், ட்றவுட் மீனுக்கு அது எளிய இரை. சேவலின் கழுத்து இறகு விறைப்பானது. ஈயை நீரின்மேல் மிதக்க வைக்கும். கௌதாரி, உள்ளான், நீர்க்கோழி ஆகியவற்றின் இறகோ மென்மையானது. நீரினுள் அமிழ்ந்து அசையும். குறுக்கே வீசி, நீரோட்டம் அதனைக் கீழ்நோக்கி வளைத்து இழுக்க விட்டுவிடவேண்டியதுதான். பாதி வேலையை ஆறே செய்கிறது.

இதன் வயது பெரியது. 1496இல் இங்கிலாந்தில் அச்சேறிய தூண்டில் நூலொன்றில் பன்னிரண்டு ஈக்களுக்குச் செய்முறை இருக்கிறது. கௌதாரி இறகு அங்கேயே வந்துவிடுகிறது. பின்னர் வட இங்கிலாந்தின் யோர்க்‌ஷயரிலும் ஸ்கொட்லாந்தின் எல்லைப்புறங்களிலும் இது மக்களின் கைவேலையாக நிலைத்தது. அங்குள்ளோர் இவற்றைச் 'சிலந்தி' என்று அழைத்தனர். ஸ்கொட்லாந்துக்காரர் டபிள்யூ. சி. ஸ்ரூவர்ட் 1857இலும், லீட்ஸ் நகரத்து ரி. ஈ. பிறிற் 1885இலும் இவற்றை எழுத்தில் பதிந்தனர். வயலோரத்துப் பறவையின் இறகு, வீட்டுப் பெட்டியிலிருந்த நூல் - செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை.

அதே காலத்தில் பிரபுக்களின் சால்மன் தூண்டில்களுக்குச் சாம்ராச்சியம் முழுவதிலுமிருந்து இறகுகள் போய்க்கொண்டிருந்தன. அவற்றுள் ஒன்று எமக்கு நன்கு தெரிந்த பறவையினுடையது. தென்னிந்திய மலைக்காடுகளின் சாம்பல் காட்டுச்சேவலின் கழுத்து இறகுகளில் மெழுகு பூசியதுபோன்ற புள்ளிகள் உண்டு. அவற்றை ஈயின் 'கண்' ஆக வைத்துக் கட்டுவது அவர்களது நாகரிகம். இந்தத் தேவைக்காகப் பெருந்தொகைப் பறவைகள் கொல்லப்பட்டன. 1960களின் பிற்பகுதியில் இந்தியா ஏற்றுமதியைத் தடைசெய்தது. முருகன் கொடியில் சேவலை ஏற்றிய நாம் இந்தச் செய்தியை அமெரிக்காவில் ஒரு தூண்டில் கடைக்காரர் சொல்லித்தான் அறிந்தோம். வெட்கந்தான்.

மென்னிறகு ஈக்கு வந்த ஆபத்து வேறு வகையானது. 1886இல் பிரெடெரிக் ஹல்போர்ட் மிதக்கும் ஈக்களைப் பற்றிய தமது நூலை வெளியிட்டார். அடுத்த ஒரு தலைமுறைக்குத் தென் இங்கிலாந்தின் சுண்ணாம்பு ஆறுகளில் மிதக்கும் ஈயே ஒழுக்கம். நீரில் அமிழ்வது இழிவு. மீன் பிடிப்பதிலும் தீட்டுப் பார்த்திருக்கிறார்கள்! இலண்டன் வழக்கறிஞர் ஜீ. ஈ. எம். ஸ்கியூஸ் 1910இல் வெளியிட்ட நூலில் இதனை மறுத்தார். நீரடி ஈக்கும் இடமுண்டு என்றார். பழைமைவாதிகளுடனான அவரது வழக்கு 1938வரை இழுபட்டது.

இங்கேதான் கதை எமது பக்கத்து ஊருக்கு வருகிறது. டெலவெயர் ஆற்றுக்கு அப்பால், பென்சில்வேனியாவின் அலன்ரவுணில், ஜேம்ஸ் லீசென்ரிங் என்றொருவர் இருந்தார். கருவி செய்யும் தொழிலாளி. புறொட்ஹெட் ஓடையில் மீன் பிடித்தார். ஸ்கியூசுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். எல்லோரும் மிதக்கும் ஈயின் பின்னால் ஓடியபோது அவர் மென்னிறகையே பிடித்துக்கொண்டிருந்தார். நூலின் நிறம் நனைந்தபின் உடலினூடே எப்படித் தெரியும் என்பதுவரை பார்த்துப்பார்த்துக் கட்டிய மனிதர். மீன் இருக்கும் இடத்தை ஈ நெருங்கும்போது தூண்டில் தடியை மெல்ல உயர்த்தினால், ஈ கீழிருந்து மேலெழும். பூச்சி உயிர்ப்பதைப்போலத் தோன்றும். அந்த அசைவு இன்றைக்கும் அவர் பெயரால் வழங்குகிறது. வேர்ணன் ஹைடி என்ற இளைஞரின் துணையுடன் 1941இல் அவரது சிறு நூல் வெளிவந்தது. அந்த ஆண்டு முடியுமுன்னே அமெரிக்கா போரில் இறங்கிவிட்டது, நூலைக் கவனிப்பாரில்லை. 1951இல் லீசென்ரிங் இறந்தார். இருபது ஆண்டுகளின் பின், 1971இல், ஹைடி அதனைப் புதிய அத்தியாயங்களுடன் மறுபதிப்பித்தார். ஈ என்பதற்கான சொல்லையும் நீரடிப் பருவமான நிம்ஃப் என்பதையும் ஒட்டி 'ஃபிளிம்ஃப்' என்ற சொல்லை ஆக்கியவர் அவர்தான்: இரண்டுமல்லாத அந்த இடைநிலைக்கு ஒரு பெயர். 1975இல் சில்வெஸ்டர் நீம்ஸ் என்பவரின் நூல் வந்தபின்னரே பரவலாக இந்த ஈக்கள் அமெரிக்க ஆறுகளுக்குத் திரும்பின. கடிதங்களாலும் கவனிப்பாரற்ற ஒரு புத்தகத்தாலும் ஒரு கைவேலை பிழைத்தது. சிறுசஞ்சிகை நடத்துவோருக்கு இது புதிய கதையல்ல.

இனி மீனின் கதை. நியூ ஜேர்சிக்குச் சொந்தமான ட்றவுட் ஒன்றே ஒன்று: புறூக் ட்றவுட், மாநில மீன். பிறவுண் ட்றவுட் 1883இல் ஜேர்மனியிலிருந்து முட்டையாகக் கப்பலில் நியூ யோர்க்கிற்கு வந்தது. நெடுங்காலம் அதனை 'ஜேர்மன் மீன்' என்று முகஞ்சுளித்தனர். வானவில் ட்றவுட் மேற்குக் கரையினது. 1855இல் வில்லியம் கிப்பன்ஸ் ஒக்லண்ட் மலைகளின் ஓடையொன்றில் பிடித்த மீன்களுக்கு வானவில்லைக் குறிக்கும் பெயரை இட்டார். (அறிவியலில் அப்பெயர் நிலைக்கவில்லை, கம்சற்காவில் இதே மீனுக்கு 1792இலேயே பெயரிட்டிருந்தனர்.) அதன் முட்டைகள் பெரும்பாலும் வட கலிபோர்னியாவின் மக்கிளவுட் ஆற்றிலிருந்து உலகெங்கும் போயின. 1872இல் லிவிங்ஸ்ரன் ஸ்ரோன் அங்கே பொரிப்பகம் நிறுவியபோது அது வின்னெமெம் விண்டு மக்களின் நிலம். 1945இல் முடிவுற்ற ஷாஸ்ரா அணை அவர்களது ஊர்களையும் பொரிப்பக நிலத்தையும் சேர்த்து மூழ்கடித்தது. மீன்கள் உலகம் முழுவதும் இருக்கின்றன. அவற்றை வளர்த்த ஆற்றின் மக்களுக்கு அந்த ஆற்றங்கரை இல்லை.

எமது நாட்டு மலைகளுக்கும் இவை வந்தன. 1880களில் தோட்டத் துரைமார் நுவரெலியாவுக்குப் பிறவுண் ட்றவுட்டைக் கொண்டுவந்தனர். பின்னர் வானவில்லும் வந்தது. ஹோட்டன் சமவெளி ஓடைகளில் அது தானாகவே இனம் பெருக்கி ஊர்மீன் ஆயிற்று. அந்த மலைகளில் தேயிலை நட்டுக் கொழுந்து கிள்ளிய தமிழர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆயினர். மீனிடம் எவரும் பிறப்புச் சான்றிதழ் கேட்கவில்லை.

நியூ ஜேர்சியில் பெக்குவெஸ்ற் பொரிப்பகம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6 இலட்சம் ட்றவுட்களை ஆறுகளில் விடுகிறது. 2013இல் அங்கு மீன்களிடையே பக்ரீரியா நோய் பரவியது. புறூக்கும் பிறவுணும் அந்நோயைத் தாங்கவில்லை, வானவில் தாங்கியது. அதன்பின் அது வானவில்லை மட்டுமே வளர்க்கிறது. ஊர்க்காரரான புறூக் ட்றவுட், ஆள்நடமாட்டம் குறைந்த குளிரோடைகளின் தலைமாட்டில், இனிமேலும் தம் பாட்டில் இருந்தாற்போதும் என்று ஒதுங்கியிருக்கிறது. ரெக்ஸாஸில் நிலைமை இன்னும் விசித்திரம். அங்குள்ள எமது நண்பர்கள் குவாடலூப் ஆற்றில், 1964இல் கட்டிமுடித்த கன்யன் அணையின் அடியிலிருந்து வெளிவரும் குளிர்நீரில், லொறியில் கொண்டுவந்து விட்ட வானவில்லைப் பிடிக்கிறார்கள். அணை இல்லையேல் அந்த வெயிலில் அந்த மீன் இல்லை.

சென்ற கோடையில் வளைகுடாப் பகுதியிலுள்ள உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, கிப்பன்ஸின் ஓடையைப் பார்க்க ஒக்லண்டின் றெட்வூட் பூங்காவிற்கு நடந்தோம். ஓடை ஒரு தாண்டலுக்குள் அடங்கும். கடலுக்குப் போகும் வழியை அணைகள் அடைத்துவிட்டன. மீன்கள் இப்போது கீழேயுள்ள நீர்த்தேக்கத்திலிருந்து ஏறிவந்து முட்டையிடுகின்றன. அங்கே தூண்டில் போடத் தடை. சட்டைப்பையில் செம்மஞ்சள் நூல் சுற்றிய ஈ ஒன்று கிடந்தது, எடுக்கவில்லை. மரநிழலில் குந்தியிருந்து அரைமணி நேரம் நீரைப் பார்த்தோம். விரலளவான குஞ்சொன்று கல்லின் மறைவிலிருந்து எழுந்து, மேலே மிதந்துவந்த எதையோ கவ்விவிட்டு, திரும்பவும் கல்லடிக்குப் போய்விட்டது.