சலவைக்கல்லில் யார் முகம்?

பழைய ஆலயங்கள் சிலவற்றில் சிலுவை ஏந்திய பெண்ணையும் நங்கூரம் ஏந்திய பெண்ணையும் கண்டிருப்பீர்கள். விசுவாசமும் நம்பிக்கையும் பெண்ணுருக் கொண்டு நிற்கின்றன. இவ்வாறு பண்பையோ நாட்டையோ மனித வடிவில் காட்டுவது உருவகம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பண்டைய கிரேக்க, உரோமைச் சிற்பங்களைப் பின்பற்றி ஐரோப்பாவில் ஓங்கிய புதுச் செவ்வியல் கலை இம்முறையை ஆட்சியாளருக்கும் வணிகருக்கும் தாராளமாக வழங்கிற்று.

1778இல் இலண்டனில், கிழக்கிந்தியக் கும்பினியின் வருவாய்க் குழு கூடும் அறையின் விதானத்துக்கு ஸ்பிரிதியோன் ரோமா ஓர் ஓவியம் தீட்டினார். பாறைமேல் பிரித்தானியா வீற்றிருக்கிறாள். இந்தியா என்னும் கருநிறப் பெண் முத்தும் மணியும் நீட்டுகிறாள். வணிக தேவனாகிய மெர்க்குரி வழிகாட்டுகிறான். கொடுப்பவள் மனமுவந்து கொடுப்பதுபோல் தோன்றுகிறது. வரி என்ற சொல்லுக்கு அவ்வோவியத்தில் இடமில்லை.

அந்த வரியை நம் முன்னோர் அறிவர். காஞ்சிபுரம், உத்திரமேரூர் வட்டாரங்கள் அடங்கிய செங்கற்பட்டுச் சீமையை 1763இல் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி கும்பினிக்கு ஜாகீராக அளித்தார். கும்பினியோ அதை அந்த நவாபுக்கே குத்தகைக்கு விட்டு, 1780 வரை வருமானம் பெற்றது. அவ்வாண்டு ஐதர் அலியின் படை இச்சீமையில் புகுந்து ஊர்களைத் தீக்கிரையாக்கிற்று. செப்டம்பரில், காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் கும்பினிப் படை தோற்றது. முத்து நீட்டிய பெண்ணின் ஓவியத்துக்கு அப்போது வயது இரண்டு.

போருக்கு முந்திய ஆண்டு, 1779இல், ஐதரிடம் சமாதானம் பேசச் சென்னை அரசு அனுப்பியவர் லூத்தரன் மறைப்பணியாளர் சுவார்ட்ஸ் ஐயர். அவர் 1798இல் தஞ்சையில் இறந்தார். அந்த ஒருவருக்கு இரு சலவைக்கல் நினைவுச் சின்னங்கள் எழுந்தன. அவற்றை அடுத்தடுத்துப் பார்த்தால் உருவகத்தின் அரசியல் நன்கு விளங்கும்.

சென்னைக் கோட்டையின் புனித மரியா ஆலயத்திலுள்ளது கும்பினி 1807இல் அனுப்பியது. இளைய ஜான் பேக்கனின் வேலைப்பாடு. மரணப் படுக்கையருகே சிறுவர்களும் உடன் பணியாளரும் நிற்க, மேலே வானதூதர் சிலுவையுடன் தோன்றுகிறார். உடன்படிக்கைப் பேழை, மேய்ப்பரின் கோல், நற்செய்தி எக்காளம் ஆகியவையும் உண்டு. உலகெங்கும் சென்று நற்செய்தி அறிவிக்கும்படி ஆண்டவர் தந்த கட்டளை, திறந்த வேதாகமத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அழகான சிற்பந்தான். ஆனால் அக்கட்டளையின்படி வர விரும்பியவர்களுக்கு, அன்று தன் ஆட்சிப்பகுதியின் கதவைத் தாராளமாகத் திறக்காதது இதே கும்பினி! 1806 வேலூர்ப் புரட்சிக்குப்பின் மறைப்பணியாளர்மேல் ஐயம் இன்னும் மிகுந்தது. 1813ஆம் ஆண்டுச் சாசனந்தான் வழியைத் திறந்தது. தூதரகப் பணிக்குக் காட்டிய நன்றியை எக்காளமும் பேழையும் எவ்வளவு நயமாகப் போர்த்திவிட்டன!

மற்றது தஞ்சைக் கோட்டை ஆலயத்தில் உள்ளது. புகழ்பெற்ற சிற்பி ஜான் பிளாக்ஸ்மனிடம் அதைச் செய்வித்தவர் மன்னர் சரபோஜி. புதுச் செவ்வியல் கலையின் தலைமகன் ஒருவரே செதுக்கியும், தஞ்சையைக் குறிக்க ஒரு பெண்ணுருவை அவர் நிறுத்தவில்லை. படுக்கையில் கிடக்கும் முதியவரின் கையைப் பற்றி நிற்பவர் சரபோஜியேதான். 1799இல் தம் நாட்டு ஆட்சியைக் கும்பினியிடம் ஒப்படைத்துவிட்ட அரசர் அவர். இறுதிவரை இந்துவாகவே இருந்தவர். தம் இளமையைப் பேணி வளர்த்தவரின் கல்லறைக்கென ஆங்கிலத்தில் இரங்கற்பாவும் அவரே இயற்றினார்.