கணக்கேட்டில் இடமில்லாத பணி: ஃபிர்போ மார்பெரி

தொடங்கிய ஆட்டத்தைத் தானே முடிப்பவனே சிறந்த பிட்ச்சர் என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க பேஸ்பாலில் நிலவிய எண்ணம். அவர் தளர்ந்தால் இடையில் இறக்கப்படுபவரே ரிலீஃப் பிட்ச்சர். நெருக்கடியான வேளைகளில் அணியின் முதன்மை பிட்ச்சர்களே அப்பணியையும் செய்தனர். மற்ற நாள்களில் அது தொடக்க வரிசையில் இடம்பெறாதவர்களுக்கு விடப்பட்டது.

இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஃபிரெட் மார்பெரி. 1898இல் டெக்சஸில் பிறந்த இவர், அர்ஜென்டினக் குத்துச்சண்டை வீரர் லூயிஸ் ஃபிர்போவின் சாயல் கொண்டிருந்தமையால் 'ஃபிர்போ' எனப்பட்டார். 1923இல் வாஷிங்டன் செனட்டர்ஸ் அணியில் சேர்ந்தார். மறு ஆண்டு, 27 வயதில் அவ்வணியின் மேலாளரான பக்கி ஹாரிஸ், மார்பெரியின் வேகத்தை ஆட்டத்தின் இறுதிக் கட்டத்திற்கெனச் சேமித்து வைத்தார்.

1924 உலகத் தொடரில் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிரான இரண்டாம், நான்காம் ஆட்டங்களை மார்பெரியே முடித்து வைத்தார். ஏழாம் ஆட்டத்திலும் நடுவில் மூன்று இன்னிங்ஸ் வீசினார். ஒன்பதாம் இன்னிங்ஸில் வால்டர் ஜான்சன் வந்து, பன்னிரண்டாம் இன்னிங்ஸில் வாஷிங்டன் வென்றது. ஏட்டில் அவ்வெற்றி ஜான்சனுக்குரியதாயிற்று. மக்கள் நினைவிலும் அவரே நிலைத்தார்.

1925இல் மார்பெரி ஆடிய 55 ஆட்டங்களில் ஒன்றைக்கூட அவர் தொடங்கவில்லை. அனைத்திலும் மாற்றாகவே இறங்கினார். 1926இல் 22 ஆட்டங்களில் அணியின் வெற்றியைக் காத்துக் கொடுத்தார். 1949இல் ஜோ பேஜ் 27ஐ எட்டும்வரை அதை எவரும் மிஞ்சவில்லை.

ஆனால் அன்று அப்படியொரு சாதனை இருப்பதை எவரும் அறியார். பிட்ச்சருக்கு வெற்றி, தோல்வி என்னும் பத்திகள் ஏட்டில் இருந்தன. பிறர் ஈட்டிய முன்னிலையைக் காப்பவருக்குப் பத்தி இல்லை. சிகாகோ விளையாட்டு எழுத்தாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் 1960ஐ ஒட்டி 'சேவ்' என்ற அளவையை வகுத்தார். 1969இல் அது அதிகாரப்பூர்வமாயிற்று. பழைய ஆட்டப் பதிவுகளைப் பின்னோக்கி எண்ணியபோதுதான் மார்பெரியின் 22 வெளிப்பட்டது. அப்போது அவருக்கு வயது 70.

மார்பெரி தொடக்க பிட்ச்சராகவும் சளைத்தவரல்லர். 1934இல் டெட்ராய்ட் அணிக்காக 15 வெற்றிகள் கண்டார். எனினும் அவரது பெரும்பணி நிகழ்ந்தது ஏடு காணாத இடத்தில். ஏட்டை வகுப்பவர் எதை எண்ணத் தக்கது எனக் கருதுகிறாரோ, அதுவே பின்னர் வரலாற்றுச் சான்றாகிறது. சான்று இல்லாமை, உழைப்பு இல்லாமை ஆகிவிடாது.

மார்பெரி 1976இல் மறைந்தார். பேஸ்பால் புகழ் மண்டபம் முதன்முதலாக ஒரு ரிலீஃப் பிட்ச்சரை, ஹாய்ட் வில்ஹெல்மை, ஏற்றது 1985இல்தான். மார்பெரிக்கு அங்கே இன்றுவரை இடமில்லை.