இளம்பருவத்தினரும் பச்சை குத்துதலும்

சருமத்தின் மேற்படலத்துக்கு அடியில் ஊசியால் மையைச் செலுத்தி அழியாத உருவங்களைப் பதிக்கும் வழக்கம் பச்சை குத்துதல் எனப்படும். உட்புகுந்த மையைச் சரீரம் அந்நிய வஸ்துவாகவே பாவித்து விழுங்க முற்படினும், விழுங்கிய உயிரணுக்கள் அதனைக் கரைக்கமாட்டாமல் அங்கேயே தங்கிவிடுவதால், அவ்வடையாளம் ஆயுள் முழுதும் நிலைக்கிறது.

தமிழ்நாட்டில் இது புதிதாக வந்து சேர்ந்த நாகரிகமன்று. குறவர் சமூகத்துப் பெண்கள் ஊர்தோறும் சென்று, மஞ்சளையும் அகத்தி இலையையும் சேர்த்தரைத்துத் துணியில் பூசித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்துப் பிடித்த கரியை மையாகக் கொண்டு, சிறுமியரின் கைகளில் கோலங்களைக் குத்தினர். அழுத பெண்ணை அசையவிடாமல் பிடித்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்களே. ஆதலின், மகள் மணிக்கட்டில் ஒரு சிறு பறவையோடு வந்து நிற்கையில் குலாசாரமே குலைந்ததெனப் பதறும் பெற்றோர், தம் பாட்டியின் முன்கையை ஒருமுறை நினைத்துக்கொள்ளுதல் நலம். அன்று பெரியோர் வசமிருந்த தீர்மானம் இன்று பிள்ளையின் வசமாயிற்று. பெற்றோரது மனத்தாங்கலுக்கு மூலகாரணம் பெரும்பாலும் இதுவே.

பிரிட்டனில் 1969ஆம் ஆண்டுச் சட்டம், 18 வயது நிரம்பாதவருக்குப் பச்சை குத்துவதை, பெற்றோர் சம்மதித்தபோதிலும் குற்றமாக்கிற்று. அமெரிக்க மாகாணங்கள் சிலவற்றிலோ பெற்றோர் சம்மதமிருந்தால் அனுமதி உண்டு.

காரியம் முடித்து வந்த பிள்ளையிடம் முதலில் விசாரிக்கத்தக்கது, ஊசி அப்போதுதான் உறை பிரிக்கப்பட்டதா என்பதேயாம். ‘இது யாருடைய பெயர்?’ என்ற கேள்வி சற்றுக் காத்திருக்கலாம். சுத்தமற்ற ஊசியால் மஞ்சட்காமாலைக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் பரவக்கூடும். நியூயார்க் நகரம் இத்தொழிலை 1961 முதல் 1997 வரை தடை செய்திருந்ததற்கும் காமாலை அச்சமே காரணமாகக் கூறப்பட்டது. குத்திய இடத்தில் சீழோ, பரவும் சிவப்போ, காய்ச்சலோ தோன்றின் வைத்தியரைத் தாமதமின்றி நாடவேண்டும்.

இன்னும் குத்திக்கொள்ளாத பிள்ளைக்கு வெறும் தடையுத்தரவைவிட, விளைவுகளை விவரமாக எடுத்துரைத்தல் பயன் தரும். இந்தியத் தரைப்படைச் சேர்க்கையில் முன்கையின் உட்புறமும் புறங்கையும் நீங்கலாக, ஏனைய இடங்களில் நிலையான பச்சைக்குறி பொதுவாக ஏற்கப்படுவதில்லை; பழங்குடி மரபினர்க்கு இதில் விலக்குண்டு. லேசர் சிகிச்சையோ பல அமர்வுகளையும் பெருஞ்செலவையும் வேண்டுவது. அதன் பின்னும் சுவடு எஞ்சலாம். சில காலம் மருதாணியால் அதே உருவை வரைந்து பார்க்கச் சொல்லும் பெற்றோரும் உளர். அது விவேகமான உபாயமே. ஆயினும் ‘கறுப்பு மருதாணி’ என விற்கப்படும் கலவைகளில் தலைமுடிச் சாயத்துக்குரிய இரசாயனம் சேர்க்கப்படுவதுண்டாதலால், அவை கொப்புளத்தையும் நீங்காத தழும்பையும் உண்டாக்கக்கூடும்.